தள்ளுதற்சீட்டு கையில் இருந்தும்

அந்தக் கேள்வித்தாள் இருபது பக்கத்துக்கு மேல் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போனதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அவரை முதலில் எங்கே பார்த்தீர்கள், நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் எத்தனை மாத இடைவெளி, அவர் அம்மா எப்படிப்பட்டவர். இதெல்லாம் கடகடவென்று எழுதிவிட்டேன். ‘கல்யாணத்துக்கு முந்தின வாரம் உங்களுக்கோ அவருக்கோ ஏதாவது தயக்கம் இருந்ததா?’ என்ற இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 2001-இல் கல்யாணம் பண்ணும்போது யாரும் கேட்காத கேள்வி. 2019-இல், இன்னொருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது வந்து சேர்ந்தது.

கேட்டது என் சபை இல்லை. கத்தோலிக்க மறைமாவட்டத் தீர்ப்பாயம். நான் கத்தோலிக்கரும் இல்லை. இது எப்படி நடந்தது என்று சொன்னால், என் நிலைமையில் இருக்கிற ஒருத்திக்காவது அலைச்சல் குறையும்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், பினாங்கின் செபராங் பிறை பக்கம், ஒரு தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் சபையில். சபையின் பெயர் வேண்டாம். அங்கேதான் ஞானஸ்நானம், அங்கேதான் கல்யாணம். அவரும் அதே சபை, மூப்பர் வீட்டுப் பிள்ளை. 2012-இல் ஜொகூருக்கு வேலை மாற்றல் என்று போனவர் தீபாவளி லீவுக்கும் வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அடுத்த வருடம். மகளுக்கு அப்போது பத்து வயது. நான் பினாங்குத் தீவில், பாயான் லெபாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் கிளார்க். விடியற்காலை ஃபேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய், இருட்டியபின் திரும்பி வருவேன்.

அம்மா சொன்னது ‘கல்லானாலும் கணவன்’. பாஸ்டர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான், வசனம் மட்டும் வேறு: “தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்.” பிரித்தது நானா பாஸ்டர் என்று கேட்க வந்தது, கேட்கவில்லை. நம் சபைகளில் பழமொழியும் வேத வசனமும் ஒரே தொனியில் வருவதால் எது எது என்று பிரித்தெடுக்கவே எனக்குச் சில வருடம் பிடித்தது.

2014-இல் நான் விவாகரத்துக்கு மனுப் போடப் போகிறேன் என்று தெரிந்ததும் சண்டே ஸ்கூல் வகுப்பை எடுக்க வேண்டாம் என்றார்கள். பாடகர் குழுவிலும் ‘கொஞ்ச நாள் ஓய்வு’. அவர்மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. ஆள் சபைக்கே வருவதில்லை, யார்மேல் எடுப்பது? வராதவனுக்கு ஒழுங்கு நடவடிக்கை கிடையாது, ஞாயிறு தவறாமல் வருகிறவளுக்கு உண்டு. அந்தக் கசப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

முதலில் அரசாங்கத்துத் தாள். இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம்தான். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு. அது எளிது. என்னவர் கையெழுத்துப் போடவும் வரவில்லை, மறுக்கவும் வரவில்லை. அப்படியானால் தனி மனு: திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்ட வேண்டும். அதற்குச் சட்டம் ஏற்கிற காரணங்கள் நான்கு: விபசாரம், சேர்ந்து வாழ முடியாத நடத்தை, தொடர்ந்து இரண்டு வருடமாவது கைவிட்டுப் போனது, இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்தது. நான் கைவிட்டதையே எடுத்தேன். விபசாரத்தை நிரூபிக்க ஜொகூருக்கு ஆள் அனுப்ப என்னிடம் காசு இல்லை.

தனி மனுவுக்கு முன்னால் ஜேபிஎன் என்கிற தேசியப் பதிவுத் துறையில் சமரசக் குழு ஒன்று உண்டு. பல பேர் இதைத் தெரியாமல் நேரே லாயரிடம் போய் நிற்கிறார்கள். அங்கே விண்ணப்பம் கொடுத்தால் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஒத்துவரவில்லை என்றால் சான்றிதழ் தருவார்கள், அதை வைத்துத்தான் உயர் நீதிமன்றம். கைவிட்டுப் போனவர் இருக்குமிடமே தெரியாது, கூப்பிட்டும் வேண்டுமென்றே வரவில்லை என்பது போன்ற நிலைமைகளுக்கு விலக்கு இருக்கிறது. எனக்கு அந்த விலக்குதான் பொருந்தியது. குறைந்த வருமானக்காரர்கள் ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்கிற சட்ட உதவித் துறையில் விசாரித்துப் பார்க்கலாம். எனக்கு அது காலம் கடந்துதான் தெரிந்தது. அதற்குள் கூட்டு கட்டிய சீட்டுப் பணம் லாயருக்குப் போய்விட்டது.

நீதிபதி ஆணை கொடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து வெளியே வந்து அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேன். முடியவில்லை. அது இடைக்கால ஆணை, ‘டிக்ரி நைசை’. சாதாரணமாக மூன்று மாதம் கழித்துத்தான் அது ‘அப்சொலூட்’ ஆகும். அதுவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் அவர் மனைவிதான். அந்த இடைவெளியில் இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட. அப்சொலூட் வந்ததும் சான்றிட்ட நகல் ஒன்றுக்கு நான்காக எடுத்து வையுங்கள். நான் ஒன்றுதான் எடுத்தேன், பிறகு இரண்டு முறை லெபோ லைட் நீதிமன்றக் கட்டடத்துக்கு அரை நாள் லீவு போட்டுப் போனேன்.

அரசாங்கத்துக்கு நான் 2016-இல் தனி ஆள். ஆண்டவருக்கு?

இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒரு வருடம் சும்மா இருந்தேன். பிறகு ஓய்வுபெற்ற ஒரு பாஸ்டரிடம் போனேன். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அவரைப் பெரிய ஐயா என்போம். பால் சேர்க்காத தே ஓ போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய வேதாகமத்தை எடுத்து, “முதல்ல கேள்வி என்னன்னு பாரும்மா, அப்புறம் பதில்” என்றார்.

மத்தேயு 19. யூத மதப் பிரிவினரான பரிசேயர் இயேசுவிடம் கேட்கிறார்கள்: “புருஷனானவன் தன் மனைவியை எந்த முகாந்தரத்தினாலாகிலும் தள்ளிவிடுவது நியாயமா?” எந்தக் காரணத்துக்கும் தள்ளலாமா என்பது அந்தக் காலத்தில் யூத ரபிகளுக்குள் நடந்த வழக்கு. ஷம்மாய் வழியினர் ஒழுக்கக் கேட்டுக்கு மட்டும் என்றார்கள். ஹில்லேல் வழியினர் சோற்றைக் கருகவிட்டாலும் போதும் என்றார்கள். மோசே உபாகமம் 24-இல் தள்ளுதற்சீட்டு, அதாவது மணவிலக்குத் தாள், எழுதிக் கொடுக்கச் சொன்னதன் பொருளைப் பற்றித்தான் சண்டை. “சோறு கருகினதுக்குப் பொண்டாட்டியத் தெருவுல விடுறவன்கிட்ட ஆண்டவர் பேசுறாரு. தெருவுல விடப்பட்டவகிட்ட இல்ல,” என்றார் பெரிய ஐயா. அதுவரை அந்த வசனத்தை நான் எனக்கு எதிராகவே வாசித்திருந்தேன்.

ஆனால் அவர் எனக்குச் சாதகமாக மட்டும் பேசவில்லை. மத்தேயுவில் ‘வேசித்தன முகாந்தரத்தினாலொழிய’ என்று ஒரு விலக்கு இருக்கிறது. மாற்கு 10-லும் லூக்கா 16:18-லும் அது இல்லை. விலக்கு இல்லாததையே அடிப்படையாகப் பிடிக்கிறவர்கள், துணை உயிரோடு இருக்கும்வரை மறுமணம் கூடாது என்கிறார்கள். முதல் நூற்றாண்டுகளின் திருச்சபைப் பிதாக்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான். அந்த விலக்கே நிச்சயத்துக்குப் பிறகு, கல்யாணத்துக்கு முன்னால் நடந்த தவறைப் பற்றியது, மரியாளை யோசேப்பு இரகசியமாய்த் தள்ளிவிட நினைத்ததுபோல, என்று விளக்குகிறவர்களும் உண்டு. புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள் வேறு வழி போனார்கள். 1646-இல் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இரண்டு காரணங்களை ஏற்கிறது: விபசாரம், அப்புறம் சபையாலும் அரசாங்கத்தாலும் சரிசெய்ய முடியாதபடி வேண்டுமென்றே கைவிட்டுப் போவது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இரண்டாம் திருமணத்துக்கு இடம் கொடுக்கின்றன, மனந்திரும்புதலின் சாயல் கொண்ட ஜெபங்களோடு.

அந்த இரண்டாவது காரணம், கைவிட்டுப் போவது, 1 கொரிந்தியர் 7-லிருந்து வருகிறது. “அவிசுவாசி பிரிந்துபோனால் பிரிந்துபோகட்டும், இப்படிப்பட்ட விஷயத்தில் சகோதரனாவது சகோதரியாவது அடிமைப்பட்டவர்களல்ல.” நான் கேட்டேன்: ஐயா, அவர் அவிசுவாசி இல்லையே, மூப்பர் மகன், எல்லா ஆராதனைப் பாட்டும் தெரியும். அவர் சிரித்துவிட்டு மத்தேயு 18-ஐத் திருப்பினார். சபை சொல்லியும் கேளாதவன் உனக்கு அஞ்ஞானியைப்போல இருக்கட்டும் என்று வருகிறதே, அதையும் இதையும் சேர்த்து வாசிக்கிறவர்கள் உண்டு என்றார். உடனே எதிர்ப்பக்கத்தையும் காட்டினார்: 15-ஆம் வசனத்தில் ‘அடிமைப்பட்டவர்களல்ல’, 39-இல் ‘கட்டப்பட்டிருக்கிறாள்’. தமிழிலும் இரண்டு வார்த்தை, கிரேக்கத்திலும் இரண்டு வார்த்தை. அடிமை இல்லை என்பதற்கு, போனவன் பின்னால் ஓட வேண்டாம் என்று மட்டும் அர்த்தமா, மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்றும் அர்த்தமா? இதில் நல்ல பக்தியுள்ளவர்களே இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள்.

“நீ எதுல நிக்கிறேன்னு நீதான் முடிவு பண்ணணும். ஆனா கல்யாண மாப்பிள்ளை வந்து நின்ன பிறகு முடிவு பண்ணாதே. அப்ப எல்லா வசனமும் உனக்குச் சாதகமாத்தான் தெரியும்.”

நான் கேட்டதிலேயே உபயோகமான புத்தி அதுதான். அப்போது யாரும் என் வாழ்க்கையில் இல்லை. மூன்று மாதம் வாசித்தேன். நான் வந்து நின்ற இடம்: அவர் உடன்படிக்கையை உடைத்துவிட்டார், வேறு குடும்பமாகிவிட்டார், திரும்பி வர வாசல் இல்லை, நான் கட்டப்பட்டவள் இல்லை. என் தோழி ஒருத்தி இதே கதையோடு எதிர்ப் பக்கம் நிற்கிறாள். லூக்கா 16:18 அவளுக்குப் போதும், தனியாகவே இருந்துவிடுவேன் என்கிறாள். அவள் கணவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. நாங்கள் இன்னும் ஒன்றாகத்தான் பசார் போகிறோம், இந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

அடி உதை இருக்கிற வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், அதில் எனக்கு இரண்டு பக்கம் கிடையாது. ஃபேக்டரியில் கூட வேலை பார்த்த ஒரு பெண் வாய் கிழிந்து வந்தபோது, மத்தேயுவில் அடிப்பதைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று அவளே என்னிடம் கேட்டாள். மணவிலக்கு, மறுமணம் என்ற வாதங்களுக்கெல்லாம் முன்னால் உயிர் இருக்கிறது. பிரிந்து போய்ப் பாதுகாப்பாக இருப்பதற்கு எந்தச் சபையின் அனுமதியும் தேவையில்லை. மணவிலக்கே இல்லை என்கிற கத்தோலிக்கச் சட்டம்கூட, துணையால் கடும் ஆபத்து என்றால் பிரிந்து வாழ இடம் கொடுக்கிறது. 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999. பினாங்கில் 1985 முதல் பெண்கள் மையமான டபிள்யூ.சி.சி. இருக்கிறது. ‘தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்’ என்று மல்கியாவைக் காட்டுகிறவர்கள், அதே வசனத்தில் அடுத்து வருகிற ‘கொடுமை’ என்ற வார்த்தையையும் வாசிக்கட்டும்.

2018-இல் என் இப்போதைய கணவரைச் சந்தித்தேன். மனைவியை இழந்தவர், ஏர்கோன் டெக்னிசியன், அதிகம் பேசமாட்டார். வருடாவருடம் ஜூலையில் புனித அன்னாள் கோயில் திருவிழாவுக்கு முழு வாரமும் லீவு போடுகிற ஆள். ‘நம்ம கோயில்லதான் கட்டணும்’ என்றார். அதனால் என்ன, கட்டிக்கொள்வோம் என்று நான் மண்டபத்துக்கு 500 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்டிவிட்டேன். இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

பங்குத் தந்தை அப்சொலூட் தாளைப் பார்த்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். “இது அரசாங்கத்துக்கும்மா. உங்க முதல் கல்யாணம் எங்களுக்கும் கல்யாணம்தான்.”

எனக்குப் புரியவில்லை. என் சபையில் நடந்தது உங்களுக்கு எப்படிச் செல்லும்? அவர் விளக்கினார். ஞானஸ்நானம் பெற்ற இருவர், அவர்கள் புரொட்டஸ்டன்டாக இருந்தாலும், முறையாகத் திருமணம் செய்தால் கத்தோலிக்கத் திருச்சபை அதைச் செல்லும் என்றே எடுத்துக்கொள்ளும், அருட்சாதனமாகவே, அதாவது ஆண்டவரின் அருள் தரும் புனிதச் சடங்காகவே மதிக்கும். அதை எந்த நீதிமன்றமும் அவிழ்க்க முடியாது. பவுல் சலுகை என்று ஒன்று இருக்கிறது, 1 கொரிந்தியர் 7-ஐ வைத்து. ஆனால் அது ஞானஸ்நானம் பெறாத இருவர் மணந்து, பிறகு ஒருவர் பெற்று, மற்றவர் விலகிப் போனால்தான். எனக்குப் பொருந்தாது. எனக்கு இருந்த ஒரே வழி, அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாத ஒன்றா என்று தீர்ப்பாயத்தில் விசாரிக்கச் சொல்வது. இதில் ஒரு வேடிக்கை: ஒரு கத்தோலிக்கர் கோயிலுக்கு வராமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் கட்டியிருந்தால், முறைமை இல்லை என்று தாள் வேலையிலேயே முடிந்துவிடும். பீடத்துக்கு முன்னால் நின்று ஆண்டவரைச் சாட்சி வைத்துக் கட்டிய எனக்குத்தான் இருபது பக்கம்.

முதலில் கோபம். என் மனசாட்சியோடு போராடி ஒரு முடிவுக்கு வந்தவள், இன்னொரு சபைக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஆனால் வெளியே எங்காவது கட்டிக்கொண்டால் அவர் இனி பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் வரிசை நகரும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்த விலையை அவர் கொடுக்க நான் விடவில்லை. மண்டபத்து 500 வெள்ளி திரும்பி வரவில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல கத்தோலிக்கக் குடும்பங்களிலேயே இது இருக்கிறது. விவாகரத்து ஆனதாலேயே ஒருவர் நற்கருணைக்குப் போகக் கூடாது என்பதில்லை. மறுமணம் செய்யாதவருக்கு அந்தத் தடை கிடையாது. பிள்ளைகளின் பராமரிப்புக்கும் சொத்துப் பாதுகாப்புக்கும் வேறு வழி இல்லையென்றால் அரசாங்க மணவிலக்கைத் திருச்சபை பொறுத்துக்கொள்கிறது. என் இவரின் சித்தி ஒருவர் இது தெரியாமல் பல வருடம் வரிசையில் நிற்கவே இல்லை.

தீர்ப்பாயம் கேட்பது நீதிமன்றம் கேட்பதற்கு நேர் தலைகீழ். நீதிமன்றத்துக்குக் கல்யாணத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பது வேண்டும். தீர்ப்பாயத்துக்குக் கல்யாண நாளன்று என்ன இருந்தது, என்ன இல்லை என்பது வேண்டும். அவர் என்னைக் கைவிட்டதை நான் ஆறு பக்கம் எழுதினேன். உதவிக்கு வந்த அருட்சகோதரி பொறுமையாகப் படித்துவிட்டு, “இது எல்லாம் பின்னால் நடந்தது. முன்னால் போங்க,” என்றார். முன்னால் போனபோதுதான், எனக்கே தெரியாத ஒன்று வெளியே வந்தது. முதல் கணவருக்கு, ஜொகூரில் குடும்பம் நடத்துகிற அந்தப் பெண்ணோடு எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தொடர்பு. அவர் அம்மாவின் பிடிவாதத்துக்காக என்னைக் கட்டினார், அங்கே விடவும் இல்லை. இதைச் சொன்னது அவருடைய சொந்த ஒன்றுவிட்ட அக்கா. நான் சாட்சியாகக் கேட்கத் தயங்கிய ஆள். உங்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்களைவிட, அந்தக் காலத்தில் கூட இருந்து பார்த்தவர்களைச் சாட்சியாகப் போடுங்கள்.

முதல் கணவருக்கும் அழைப்பு போனது. பதில் இல்லை. பதில் வராவிட்டாலும் விசாரணை நடக்கும். ‘திருமணப் பிணைப்புக் காப்பாளர்’ என்று ஒருவர் அங்கே உண்டு. அந்தத் திருமணம் செல்லும் என்பதற்கு நியாயமாக என்னென்ன சொல்ல முடியுமோ அதைச் சொல்வதுதான் அவர் வேலை. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் கல்யாணத்துக்காகப் பேச ஒரு ஆள்! அது உயிரோடு இருந்த காலத்தில் எங்கே போயிருந்தார்?

மகளுக்கு அப்போது பதினாறு. ஒரு ராத்திரி அறை வாசலில் நின்று கேட்டாள்: “உங்க கல்யாணமே செல்லாதுன்னு சொன்னா, நான் யாரு?” எதிர்பார்த்திருக்க வேண்டும், எதிர்பார்க்கவில்லை. ஃபாதரிடமே கூட்டிப் போனேன். நல்லெண்ணத்தோடு செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளை, அது செல்லாது என்று பின்னால் தீர்ப்பு வந்தாலும் முறையான பிள்ளைதான், திருச்சபைச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது என்று அவளிடம் நேராகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். முழுதாக ஆறுதல் அடைந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். விண்ணப்பம் கொடுக்கும் முன்பே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள்.

2015 வரைக்கும், செல்லாது என்று ஒரு தீர்ப்பாயம் சொன்னால் இன்னொரு தீர்ப்பாயமும் அதை உறுதி செய்ய வேண்டும். போப் பிரான்சிஸ் அந்த வருடம் அதை நீக்கினார். அதனால் எனக்கு ஒரே தீர்ப்பு. ஆனாலும் 2020 மார்ச்சில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாம் நின்றது. 2021-இல் கடிதம் வந்தது: செல்லாது.

சந்தோஷப்பட வேண்டும். பதினொரு வருடம் சமைத்துப் போட்டு, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, ஒரு பிள்ளை பெற்ற அந்த வாழ்க்கையை ஒரு தாள் தொடக்கத்திலேயே இல்லை என்கிறது. ஃபாதர் திருத்தினார்: வாழ்ந்தது இல்லை என்று யாரும் சொல்லவில்லை, பிணைப்பு உண்டாகவில்லை என்றுதான். புத்திக்குப் புரிந்தது. அன்றைக்குச் சமையல் செய்யவில்லை, வெளியே போய் ரொட்டி சானாய் வாங்கி வந்தோம்.

2022-இல் கல்யாணம். ஒரே வாரத்தில் இரண்டு படிவம் நிரப்பினேன். ஜேபிஎன் படிவத்தில் மணவிலக்கு ஆனவள் என்று எழுதி அப்சொலூட் நகலை இணைத்தேன். கோயில் படிவத்தில் தீர்ப்பாயத்தின் கடிதத்தை இணைத்தேன். அங்கே நான் இதுவரை மணமே ஆகாதவள். இரண்டிலும் ஒரே கையெழுத்து. நான் கத்தோலிக்கத்துக்கு மாறவில்லை, அதனால் கத்தோலிக்கர் அல்லாத என்னை அவர் கட்டிக்கொள்ள ஆயரின் அனுமதி தனியாக வாங்கினார்கள். மணப்பெண் நற்கருணை வாங்க முடியாத கல்யாணத்தில் பூசை வேண்டாம் என்று இறைவார்த்தை வழிபாட்டோடு முடித்தோம். பெரிய ஐயா வந்திருந்தார், கடைசி பெஞ்சில்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கோயிலுக்குப் போகிறார், நான் அதே பழைய சபைக்கு. முடிந்ததும் பாதி வழியில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் சந்தித்துக்கொள்வோம். சண்டே ஸ்கூல் வகுப்பைத் திரும்ப எடுங்கள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.